முதல் குத்தை யாரும் பார்க்கவில்லை

2019-இல் பிலிப்பைன்ஸில் விசாரணை நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் என் கொழுந்தனுக்கு 'ரெக்லூசியோன் பெர்பெத்துவா' என்று சிறைத் தண்டனை விதித்தபோது, அது எத்தனை காலம் என்று எனக்குத் தெரியாது. 20 ஆண்டும் ஒரு நாளும் தொடங்கி 40 ஆண்டு வரை என்று நீதிமன்ற வராந்தாவில் என் கணவர் சொன்னார். கொழுந்தனுக்கு அப்போது 26 வயது.

நான் திருநெல்வேலிக்காரி. துபாயில் வேலை பார்த்தபோது சந்தித்தவரை மணந்து, பிலிப்பைன்ஸின் விசாயாஸ் பகுதியில் ஒரு சிற்றூருக்கு மருமகளாக வந்தேன். 2016-இல் ஊர்த் திருவிழா இரவு, சேவல் சண்டைப் பந்தயப் பணத்தில் தொடங்கிய வாய்த்தகராறு ஓர் உயிரைப் பறித்தது. எல்லோரும் 'துபா' குடித்திருந்தார்கள். நம் தென்னங்கள்தான் அது. கொழுந்தனின் இடுப்பில், அங்கே தோட்டத்துக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் வைத்திருக்கும் அரிவாள் இருந்தது. இறந்தவர் எங்கள் கல்யாணத்தில் கிட்டார் வாசித்தவர். இந்த வழக்கைப் பற்றி எதை எழுதினாலும் அவர் முகத்தை ஒதுக்கிவிட்டு என்னால் எழுத முடியாது.

விசாரணையில் எங்கள் தரப்பு தற்காப்பு என்று வாதாடியது. அப்படி வாதாடினால் கொன்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும். நியாயத்தை நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழும். எங்களால் நிரூபிக்க முடியவில்லை. உடலில் மூன்று காயங்கள், அவற்றில் இரண்டு முதுகில். ஆகவே இது நயவஞ்சகத் தாக்குதல், ஆகவே கொலை என்று தீர்ப்பு வந்தது.

அந்த 'ஆகவே'யில்தான் எல்லாம் இருந்தது. 1932 முதல் நடைமுறையில் இருக்கும் அவர்களின் தண்டனைச் சட்டம், ஒருவரைக் கொல்வதை, இங்கே நான் கொலை என்று சொல்லும் 'மர்டர்', அதைவிடத் தண்டனை குறைந்த 'ஹோமிசைடு' என்று பிரிக்கிறது. ஹோமிசைடை மர்டர் ஆக்கும் காரணங்களில் ஒன்று நயவஞ்சகம். ஸ்பானியர் காலத்துச் சொல்லில் 'அலெவோசியா'. எதிராளி தற்காத்துக்கொள்ள வழியே இல்லாதபடியும், அவரிடமிருந்து தனக்கு ஆபத்து வராதபடியும் ஒரு தாக்கும் முறையை அறிந்தே தேர்ந்துகொள்வது என்று அதற்குப் பொருள்.

மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 15 நாள்தான் அவகாசம். இலவச சட்ட உதவி அலுவலகத்தின் பெண் வழக்கறிஞர் அதைத் தாக்கல் செய்தார். வழக்கு செபுவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. முன்பெல்லாம் இத்தகைய தண்டனைகள் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகுமாம்; 2004-க்குப் பிறகு இடையில் இந்தப் படி வந்திருக்கிறது. அங்கே பொதுவாகச் சாட்சிகள் மறுபடி வருவதில்லை, புதிய ஆதாரம் கொடுக்க முடியாது. கீழே பதிவானதை மூன்று நீதிபதிகள் வாசிப்பார்கள், அவ்வளவுதான். எனவே எங்களிடம் இருந்ததெல்லாம் சுருக்கெழுத்துப் பதிவின் இருநூற்றுச் சொச்சம் பக்கங்கள். ஊர் மொழியில் சொன்ன சாட்சியம் ஆங்கிலமாக்கப்பட்டிருந்தது. குடும்பத்தில் ஆங்கிலம் சரளமாகப் படித்தவள் நான் என்பதால், இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன்.

நேரில் பார்த்த சாட்சி ஒருவர்தான், இறந்தவரின் ஒன்றுவிட்ட சகோதரர். குறுக்கு விசாரணையில் அவர் சொல்லியிருந்தார்: "சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்போது அவன் முதுகில் குத்திக்கொண்டிருந்தான்." சத்தத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, பார்க்கவில்லை என்றிருந்தார். உடற்கூறாய்வு செய்த மருத்துவரோ எந்தக் காயம் முதலில் விழுந்தது என்று சொல்ல முடியாது என்றிருந்தார்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டு போய் வழக்கறிஞரிடம் காட்டினேன். அவர் ஏற்கெனவே அதில் கோடு போட்டு வைத்திருந்தார். "தற்காப்பு வாதம் நிற்காது. நிற்கக்கூடியது இது ஒன்றுதான்," என்றார். நயவஞ்சகம் தாக்குதலின் தொடக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். தொடக்கத்தைப் பார்த்தவர் இல்லையென்றால் அதை ஊகித்துக்கொள்ளக் கூடாது. கொன்றதை எவ்வளவு உறுதியாக நிரூபிக்க வேண்டுமோ அதே உறுதியோடு இதையும் நிரூபிக்க வேண்டும் என்று விளக்கினார். திடீரென்று நடந்தது என்பதும் போதாது. தகராறு முற்றி கை நீண்ட இடத்தில், முறையைத் தேர்ந்தெடுக்க நேரம் ஏது?

என்னை மிகவும் வாட்டியது சரணடைதல் பற்றிய பகுதி. அன்றிரவு கொழுந்தன் ஓடவில்லை. நேரே பராங்காய் கேப்டன் வீட்டுக்குப் போய் அரிவாளை ஒப்படைத்தான். நம் ஊராட்சித் தலைவர் போன்றவர் அவர். சட்டப்படி அதிகாரம் உள்ளவர். கேப்டனே சாட்சி சொல்லியிருந்தார். கைதுக்கு முன், அதிகாரமுள்ளவரிடம், தானாக முன்வந்து சரணடைந்தால் அது தண்டனையைத் தணிக்கும் காரணம். அரசுத் தரப்போ, பழிவாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் போனான் என்றது. உயிருக்குப் பயந்து போனால் அது சரணடைதலாகாது என்று பழைய தீர்ப்புகள் உண்டு. ஆனால் கேப்டன் சொன்னதில் பயம் என்ற பேச்சே இல்லை. "நான் செய்துவிட்டேன், என்னைக் கூட்டிப்போங்கள்," என்றான் என்பதே பதிவு.

கொலை என்ற தீர்ப்பு நிற்கும்வரை இந்தச் சரணடைதலால் ஒரு நாள்கூடக் குறையாது என்று அறிந்தபோது ஆடிப்போனேன். மர்டருக்கு ரெக்லூசியோன் பெர்பெத்துவா, அதற்கு மேல் மரண தண்டனை என்று இரண்டே படிகள். மரண தண்டனையை 2006-இல் சட்டமே நீக்கிவிட்டது. தணிக்கும் காரணம் இருந்தால் கீழ்ப்படி கிடைக்கும், அவன் ஏற்கெனவே அங்கேதான் இருந்தான். ஹோமிசைடுக்கு அப்படியில்லை. 12 ஆண்டு ஒரு நாள் முதல் 20 ஆண்டு வரையான தண்டனை மூன்றாகப் பிரிகிறது. சரணடைந்தவனுக்கு அதில் மிகக் குறைந்த பங்கு. நயவஞ்சகம் என்ற முடிவு தள்ளுபடியானால்தான் சரணடைதலுக்கு எடை வரும்.

2022-இல் தபாலில் தீர்ப்பு வந்தது. நயவஞ்சகம் நிரூபிக்கப்படவில்லை, குற்றம் ஹோமிசைடு, சரணடைதல் ஏற்கப்படுகிறது. குறைந்தபட்சம் 8 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு. குறைந்தபட்சத்தை முடித்தால் பரோலுக்கு விண்ணப்பிக்கலாம். மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அடுத்த பக்கத்தில் இழப்பீடு இருந்தது. கொலை என்றபோது மூன்று வகையில் தலா 75,000 பெசோ, அதோடு இறுதிச் செலவுக்கு 50,000. இப்போது இரண்டு வகையில் தலா 50,000, இறுதிச் செலவுக்கு அதே 50,000. எங்களுக்கு ஆண்டுகள் குறைந்த அதே கணக்கில், மகனை இழந்தவளுக்குப் பணம் குறைந்திருந்தது. அதைச் சரியென்று என் மனம் இன்றுவரை ஒப்பவில்லை. பழைய தொகையையே கொடுப்பது என்று வீட்டில் முடிவெடுத்து, எருமையை விற்று முதல் தவணையை மாமியாரும் நானும் கொண்டுபோனோம். அந்த அம்மா வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே சுவரில், உறை போட்ட கிட்டார் மாட்டியிருந்தது.