பச்சைக் குளமும் 36 சொட்டும்

கனடாவின் ஏஜக்சில் இந்த வீட்டை வாங்கியபோது பின்வளவில் ஒரு நீச்சல் குளம் நின்றது. தரையைத் தோண்டாமல், உலோகச் சுவரை வட்டமாக நிறுத்தி உள்ளே வைனல் விரிப்பு போட்ட குளம். 18 அடி விட்டம், 4 அடி ஆழம். ஏறக்குறைய 29,000 லீட்டர் பிடிக்கும். மே மாதம் மேலே கிடந்த தார்ப்பாயை இழுத்தேன். மேப்பிள் இலைகள் அழுகிய நாற்றம், அடியே தெரியாத கடும்பச்சை.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கிணறு இறைப்பதுபோல முழுவதையும் இறைத்துவிடு, பிள்ளை. அடியைத் தேய்த்துக் கழுவலாம்" என்றார். யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் கிணறு இறைத்தவர் அவர். ஆனால் இந்தக் குளத்தை வெறுமையாக்கக் கூடாது. தண்ணீரின் பாரம்தான் விரிப்பைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. அது போனால் பழைய விரிப்பு சுருங்கிவிடும். சுவரே வளைந்துவிடவும் கூடும்.

முதலில் இலைகளை வாரினோம், இரண்டு நாள். இலை கிடக்கும்வரை ஊற்றுகிற குளோரினெல்லாம் அதற்கே இரையாகும். பிறகு வடிகட்டித் தொட்டியின் மணலை மாற்றினேன். தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அதன்மேல் மணலை மெல்லச் சொரிய வேண்டும். வெறும் தொட்டியில் கொட்டினால் அடியிலுள்ள பிளாஸ்டிக் குழாய்கள் உடைந்துவிடும்.

அடுத்த ஒரு வாரம் குளோரின் ஊற்றினேன். காலையில் பச்சை, மாலையில் பச்சை. கடையில் சொன்ன பாசிகொல்லியையும் ஊற்றிப் பார்த்தேன். பணம் கரைந்தது, பாசி கரையவில்லை. சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. காப்பி வடிதாளில் வடித்த குளத்து நீரில் மருந்தைக் கலந்து, அடியில் கறுப்புப் புள்ளியுள்ள குழாயில் சிறிது சிறிதாக விட வேண்டும். புள்ளி மறைகிற இடத்தில் இருக்கும் எண்தான் சயனூரிக் அமிலத்தின் அளவு. குழாய் கால்வாசி நிறையும் முன்பே புள்ளி மறைந்துவிட்டது. 90!

முன்பிருந்தவர்கள் போட்ட குளோரின் வில்லைகளின் வேலை அது. ஒவ்வொரு வில்லையிலும் இந்த அமிலம் இருக்கிறது. வெயிலில் குளோரின் அழியாமல் காப்பதால் 30 முதல் 50 வரை இருப்பது நல்லது. ஆனால் நீர் ஆவியானாலும் இது போகாது. சேர்ந்துகொண்டே வந்து குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். தண்ணீரை மாற்றுவதைத் தவிர நம்பகமான வழியில்லை. பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டேன். அப்பா சொன்னதில் பாதியைச் செய்ததில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி.

அமிலம் 45க்கு இறங்கியது. முதலில் நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.2க்குக் கொண்டுவந்தேன், குளோரின் மிகுந்த நீரில் அந்தச் சோதனை பொய் சொல்லும். பிறகு 12 சதவீதத் திரவக் குளோரின் நாலரை லீட்டர். அதுதான் 18 பி.பி.எம். தரும், அதாவது பத்து லட்சம் பங்கு நீருக்கு 18 பங்கு குளோரின். பி.எச். குறைக்கும் அமிலத்தையும் குளோரினையும் தயவுசெய்து ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். குறையக் குறைய ஊற்றி, அந்த 18ஐ விடாமல் பிடித்திருந்தேன். பம்ப் இரவு பகலாக ஓடியது.

மூன்றாம் நாள் பச்சை போய்ப் பால்போல் வெளுத்தது. செத்த பாசி அது. அப்பா ஒரு இரண்டு டொலர் நாணயத்தைக் குளத்துக்குள் போட்டுவிட்டுத் தினமும் குனிந்து தேடினார். ஆறாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார். நாணயத்தின் நடுவிலுள்ள பொன்வட்டம் தனியாகத் தெரிந்தது.

அப்போதும் குளோரினைக் குறைக்கவில்லை. சூரியன் மறைந்தபின் ஒரு சோதனை, விடியுமுன் ஒன்று. வெயிலில்லாத இரவிலும் குளோரின் குறைந்தால் அதைத் தின்பது பாசிதான். சோதனைப் பெட்டியிலுள்ள பொடியை நீரில் போட்டால் இளஞ்சிவப்பாகும். நிறம் போகும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும், சொட்டுக்கு அரை பி.பி.எம். இரவு 36 சொட்டு. காலையில் ஸ்வெட்டரோடு வந்து நின்று அப்பாவே எண்ணினார். 35.

குளோரினைத் தின்னப் பாசி மிச்சமில்லை. பி.எச். ஏறி இறங்காமல் காக்கும் காரத்தன்மை 60இல் நின்றது. ஒரு கிலோ சமையல் சோடா போட்டு 80க்கு உயர்த்தினேன். குளோரின் இறங்கட்டும் என்று காத்திருக்கிறோம். மகள் நீச்சலுடையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவைத்து மூன்று நாளாகிறது.