அஞ்சாவது ரிசீவருக்கு என்ன வேலை

ஆபீஸ்ல புதுசா சேந்த திருச்சி தம்பி ஒரு கேள்வி கேட்டான், லஞ்ச் டைமுக்குள்ள பதில் சொல்லி முடியல, அதான் உக்காந்து எழுதுறேன். "அக்கா, என்எஃப்எல்னு இந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல ஒவ்வொரு டீம்லயும் அஞ்சாறு ரிசீவர் வச்சிருக்காங்க, அதுல பாதிப் பேரு சீசன் பூரா பத்து கேட்ச் கூட புடிக்கிறதில்ல, அவங்களுக்கு எதுக்கு சம்பளம்?" ரிசீவர்னா வீசுற பந்தை ஓடிப் புடிக்கிறவரு, வீசுறவரு குவார்ட்டர்பேக். நியாயமான கேள்விதான். ஸ்டாட்ஸ் மட்டும் பாத்தா யாருக்கும் இதான் தோணும்.

நான் பாஸ்டன் பக்கத்துல இருக்குற வூஸ்டருக்கு வந்தது 2014 கடைசில. இங்க மூணு மாடி மர வீடுங்க நிறைய, மாடிக்கு ஒரு குடித்தனம், நாங்க நடு மாடி. அவரு காலைல கிளம்பிப் போயிட்டா சாயங்காலம்தான் வருவாரு, எனக்கு ஹெச்-4, அதான் வேலை விசால வந்தவரோட மனைவிக்குக் குடுக்குற விசா, வேலை பாக்கக் கூடாது, மதுரைல சம்பாதிச்சுக்கிட்டு இருந்தவளுக்கு இங்க பஸ் பாஸ் வாங்கக்கூட அவருகிட்ட கேக்க வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலம் பாஸ்டன் பக்கம் ரெக்கார்ட் ஸ்னோ, 100 இஞ்சுக்கு மேல கொட்டுச்சு, வாசல்ல வழி வெட்டுறதுக்குள்ள அடுத்தது கொட்டும். கீழ் வீட்டுல ஒரு வயசான அம்மா, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவங்க, எங்க பக்கத்து டீம் பேட்ரியட்ஸ் மேட்ச்னா என்னையும் கூப்பிட்டுருவாங்க. நான் பருப்பு வடை சுட்டு எடுத்துட்டுப் போவேன், அவங்களுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. எனக்கு இந்த ஊர்ல மொதல்ல கிடைச்ச மனுஷி அவங்கதான்.

அவங்க சொல்லிக்குடுத்த மொத பாடம், "பந்தைப் பாக்காத ஹனி, பந்து வராத ஆளைப் பாரு." டிவி கேமரா பந்து பின்னாடியே போகும், அதனால இது லேசுல கைவராது. ஆனா கத்துக்கிட்டா பேக்கப் ரிசீவருக்கு, அதான் நாலாவது அஞ்சாவது ஆளுக்கு, ஏன் இடம் குடுக்குறாங்கன்னு தானா தெரிஞ்சுரும்.

அந்த 2015 ஜனவரில பால்டிமோரோட பிளேஆஃப், அதான் தோத்தா வெளிய போற மேட்ச். பேட்ரியட்ஸ் 14 பாயின்ட் பின்னாடி நின்னதே ரெண்டு தடவை. குவார்ட்டர்பேக் டாம் பிராடி பந்தை லேசா பின்பக்கமா ரிசீவர் ஜூலியன் எடெல்மன்கிட்ட வீசுனாரு, எடெல்மன் ஓடுவாருன்னு எல்லாரும் பாத்தா, அவரு நின்னு இன்னொரு த்ரோ போட்டாரு, 51 யார்டு, இன்னொரு ரிசீவர் டேனி அமெண்டோலா வாங்கி டச்டவுன், அதான் எதிர் டீம் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்குற ஸ்கோர், 28-28. கீழ் வீட்டு அம்மா சோபால இருந்து எந்திரிச்சே நின்னுட்டாங்க. எடெல்மன் கென்ட் ஸ்டேட் காலேஜ்ல குவார்ட்டர்பேக், 2009ல காலேஜ் ஆட்களை எடுக்குற டிராஃப்ட்ல கடைசி, ஏழாவது ரவுண்டுல பேட்ரியட்ஸ் எடுத்து ரிசீவரா மாத்துனாங்கன்னு அப்பத்தான் சொன்னாங்க.

அவரு கணக்கை பின்னாடி நான் எடுத்துப் பாத்தேன். மொத நாலு சீசன்ல 37, 7, 4, 21, மொத்தம் 69 கேட்ச். 2011ல 4 கேட்ச் புடிச்ச ஆளை ஸ்டாட்ஸை வச்சு ரசிகர்கள் ஆடுற எந்த ஃபேன்டஸி லீக்லயும் யாரும் சீண்ட மாட்டாங்க. ஆனா அந்த நாலே கேட்ச் வருஷத்துல அவரு பன்ட் ரிட்டர்ன்ல, அதான் எதிர் டீம் உதைச்சு விட்ட பந்தைப் புடிச்சுத் திருப்பி ஓடுறதுல, ஒரு டச்டவுன் அடிச்சாரு, ஆள் பத்தாம டிஃபென்ஸ்லயும் எறங்கி விளையாடுனாரு. 2013ல முக்கிய ரிசீவர் வெஸ் வெல்கர் டென்வருக்குப் போனதும் இடம் காலியாச்சு, அந்த ஒரே சீசன்ல 105 கேட்ச். திறமை திடீர்னு மொளைக்கல, பந்து இப்பத்தான் அவரு பக்கம் வந்துச்சு. அதனால பேக்கப்போட மொத்த யார்டைப் பாத்து எடை போடாதீங்க, எத்தனை தடவை ரூட், அதான் பந்து வாங்கப் போட்ட பாதை, ஓடுனாரு, அதுல எத்தனை தடவை அவருக்கு பந்து போட்டாங்கன்னு பாருங்க. அதுவும் கம்மியான எண்ணிக்கைதான், ஒரு நீளமான கேட்ச் விழுந்தாலே சராசரி எகிறிரும், அதனால எண்ணை மட்டும் நம்பவும் முடியாது.

இதுக்கு சரியான உதாரணம் அடுத்த மாசமே வந்துச்சு, சூப்பர் பவுல், அதான் சீசன் ஃபைனல், சியாட்டிலோட. அந்த டீம்ல கிறிஸ் மேத்யூஸ்னு ஒரு ரிசீவர், கனடா லீக்ல ஆடிட்டு, சியாட்டில் கூப்பிடுற சமயத்துல ஃபுட் லாக்கர் கடைல வேலை பாத்துக்கிட்டு இருந்தவரு. என்எஃப்எல்ல அதுவரைக்கும் ஒரு கேட்ச் கூட கிடையாது. அன்னைக்கு 4 கேட்ச், 109 யார்டு, ஒரு டச்டவுன்! செகண்ட் ஹாஃப்ல பேட்ரியட்ஸ் உயரமான டிஃபென்டர் பிராண்டன் பிரவுனரை அவர் மேல போட்டப்பறம்தான் அடங்குனாரு. அப்படி ஆடுன மனுஷனை அடுத்த சீசன் நடுவுலயே சியாட்டில் விட்டுட்டாங்க. எனக்கு அது மனசு ஒப்பவே இல்ல. ஆனா ஒரு ராத்திரி ஆட்டம் வேற, வாரா வாரம் டீமுக்குத் தேவைப்படுறது வேற.

வாரா வாரம்னா மேத்யூ ஸ்லேட்டர். 2008ல ரிசீவர்னுதான் எடுத்தாங்க, 16 சீசன் பேட்ரியட்ஸ்லயே இருந்தாரு, மொத்தம் எத்தனை கேட்ச் தெரியுமா, ஒண்ணு! 2011ல மயாமில, 46 யார்டு. அந்த ஒண்ணை வச்சுக்கிட்டு 10 தடவை புரோ பவுல், அதான் வருஷத்தோட சிறந்த ஆட்கள் டீம், 3 சூப்பர் பவுல் மோதிரம், பல வருஷம் கேப்டன். தம்பி இதைக் கேட்டுட்டு போன எடுத்து செக் பண்ணிட்டுத்தான் நம்புனான்.

அவரு என்ன பண்ணுவாருன்னா, 10 யார்டு போக நாலு சான்ஸ், ஒவ்வொண்ணும் ஒரு டவுன், அந்த நாலாவது டவுன்ல டீம் பந்தை உதைச்சு விடும்போது, அதான் பன்ட், லைனோட கடைசி ஓரத்துல தனியா நிப்பாரு. கன்னர்னு பேரு. இவரை மறிக்க எதிர்ல ஒரு ஆள், பல தடவை ரெண்டு ஆள். பந்து ஸ்னாப் ஆன நொடி, அதான் ஆட்டத்தைத் தொடங்க பந்தைப் பின்னாடி குடுத்த நொடி, தோளை ஒருச்சாய்ச்சு உள்ள விட்டு, ஒருத்தன் கைய தட்டி விட்டு, கோட்டை மிதிக்காம 40, 50 யார்டு ஓடணும். பந்து மேல இருக்குறது நாலஞ்சு செகண்டுதான். கீழ பந்தைப் புடிக்க நிக்கிற எதிர் டீம் ரிட்டர்னர் பந்தையும் பாக்கணும், வர்ற ஸ்லேட்டரையும் பாக்கணும், பயந்து, ஓட மாட்டேன்னு கையத் தூக்கி ஃபேர் கேட்ச் கேட்டுட்டா ஆட்டம் அங்கயே நின்னுரும். ஒரு யார்டு கூட ஓட விடல, ஆனா ஸ்லேட்டர் பேர்ல டாக்கிள், அதான் ஆளை மடக்குன கணக்கு, கூட ஏறாது. கீழ் வீட்டு அம்மா அதுக்குத்தான் கை தட்டுவாங்க, டச்டவுனுக்கு இல்ல.

2015 மே மாசம் ஹெச்-4 காரங்கள்ல ஒரு பகுதிக்கு வேலை பர்மிட் குடுக்குற ரூல் வந்துச்சு, எங்களுக்கு அது பொருந்துச்சு. எனக்குக் கிடைச்ச மொத வேலை, பிரசவ லீவுல போன ஒரு பொண்ணுக்குப் பதிலா கான்ட்ராக்ட். என் பேர்ல ஒரு ரிப்போர்ட் கூட போகாது, எல்லாம் அந்த டீம் பேர்ல போகும். ஆனாலும் மூணு பேரோட வேலையைப் பக்கத்துல இருந்து கத்துக்கிட்டேன், யாரு லீவு போட்டாலும் என்னைக் கூப்பிட்டாங்க, அப்படியே வச்சுக்கிட்டாங்க. பேக்கப் ரிசீவர்னா எனக்குத் தனிப் பாசம் வந்தது அப்பறம்தான்னு சொல்லலாம்.

சரி, தம்பி கேள்விக்கு வர்றேன். ஒரு டீம்ல 53 பேரு, மேட்ச் அன்னைக்கு எறங்க முடியுறது 48 வரைக்கும்தான். அதனால நாலாவது, அஞ்சாவது ரிசீவர் ரெண்டு மூணு வேலை பாக்குறவரா இருந்தே ஆகணும், இல்லன்னா அந்த இடத்தை முன் வரிசைல முட்டி நிக்கிற ஒரு லைன்மேனுக்குக் குடுத்துரலாம். ஓரத்துல நிக்கிறது, உள்பக்கம் ஸ்லாட்ல நிக்கிறது ரெண்டும் தெரியணும், ஏன்னா யாருக்கு எப்ப அடிபடும்னு சொல்ல முடியாது. பந்தைத் தூக்கிட்டு ஓடுற ரன் பிளேல, கடைசில காவல் நிக்கிற சேஃப்டிய மறிக்கணும், 5 யார்டு ஓட்டம் 25 ஆகுறது பெரும்பாலும் அந்த ஒரு பிளாக்குலதான். 2024ல ஆட்டம் தொடங்க உதைக்கிற கிக்ஆஃப் ரூலை மாத்துனப்பறம் ரிட்டர்ன் அதிகமாயிருச்சு, அதுக்கும் ஓடி மறிக்கிற ஆள் வேணும். என்னைக் கேட்டா ரொம்ப முக்கியமானது மூணாவது டவுன்ல, மேட்ச் சமமா இருக்கும்போது, கோச் அவரை உள்ள அனுப்புறாரான்னு பாக்குறது. 30 பாயின்ட் லீட்ல அனுப்புனா அதுல ஒண்ணுமில்ல.

ஆகஸ்ட் கடைசில 90 பேரை 53ஆ குறைப்பாங்க. ப்ரீசீசன்ல ரெண்டு அழகான கேட்ச் புடிச்ச பையனை வெட்டிட்டாங்கன்னு எல்லாரும் கத்துவாங்க, நானும் வருத்தப்படுவேன். ஆனா அந்தப் பையன் பன்ட் டீம்ல நின்னானான்னு திரும்பிப் பாத்தா முக்கால்வாசி நேரம் நின்னிருக்க மாட்டான். அப்படி விட்டவங்கள்ல சில பேரை 16 பேரு இருக்குற பிராக்டிஸ் ஸ்குவாடுல திரும்ப எடுத்துக்குவாங்க, அங்க இருந்து மேல வர்றவங்களும் உண்டு.

என் கைல ஒரே ஒரு இடம் இருந்தா மேத்யூஸ் மாதிரி ஆளை விட ஸ்லேட்டர் மாதிரி ஆளுக்குத்தான் குடுப்பேன். ரெண்டு இடம் இருந்தா இன்னொண்ணு 2011 எடெல்மனுக்கு, அந்த 4 கேட்ச் வருஷத்து எடெல்மனுக்கேதான். தம்பி இன்னும் மேத்யூஸ் பக்கம்தான் நிக்கிறான். ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், பன்ட் வரும்போது எங்க பாக்கணும்னு காட்டுறேன்.