சல்லிவன் தீவில் பனங்கட்டையும் மணலும்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குள் நுழையும் பெரிய கப்பல் அந்நாளில் சல்லிவன் தீவின் தென்முனையை ஒட்டித்தான் போயாக வேண்டியிருந்தது. ஆழமான நீர்த்தடம் அங்கேதான் இருந்தது. அமெரிக்க விடுதலைப் போர் நடந்த 1776 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை வரக்கூடும் என்று தெரிந்ததும், தென் கரோலினாக்காரர்கள் அந்த முனையில் கோட்டை வேலையைத் தொடங்கினார்கள். கல் இல்லை, செங்கல் சுட நேரமில்லை. பக்கத்துத் தீவுகளில் பால்மெட்டோ பனை இருந்தது. காலடியில் மணல் இருந்தது.

மரத்தை வெட்டித் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு இழுத்து வந்தவர்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்க அடிமைகள். கோட்டைக்குப் பின்னாளில் அதைக் காத்த படையின் தலைவர் கர்னல் வில்லியம் மோல்ட்ரியின் பெயர் வந்தது. மரம் சுமந்தவர்களை விட்டுவிட்டு இந்தச் சுவரைப் பற்றிப் பேசக் கூடாது.

அமைப்பு: சதுரம், மூலைக்கு ஒரு கொத்தளம். கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து இரண்டு வரிசைச் சுவர். இடைவெளி 16 அடி. அது முழுக்க மணல். மணல் இருபுறமும் வெளியே தள்ளும், உயரம் கூடக்கூடத் தள்ளலும் கூடும். அதனால் இரு சுவர்களையும் இணைக்க ஆங்காங்கே குறுக்கு மரம் போட்டு, கட்டைகளில் வெட்டுவாய் எடுத்துப் பூட்டி, இரும்பாணி முடுக்கினார்கள். இந்தப் பிணைப்பு இல்லையென்றால் எதிரி சுடாமலே சுவர் பிதுங்கி விழும்.

பனையைத் தேர்ந்ததுதான் பெரிய அதிர்ஷ்டம். ஓக் போன்ற கெட்டி மரத்தில் குண்டு பட்டால் சிறாய் பறக்கும். அந்தக் காலக் கடற்போரில் குண்டுக்கு நிகராக ஆளைக் கொன்றது சிறாய். பால்மெட்டோவின் உள்ளே பஞ்சுபோல நார். குண்டு புதைந்து நின்றுவிடும். அதைத் தாண்டினாலும் மணல் விழுங்கும், சரிந்து வந்து துளையை அடைத்துக்கொள்ளும். பலவீனம் பீரங்கி வாய்களில்தான்: உள்ளே செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் திறப்புகள் வழியாக வந்த குண்டுகளுக்கே பலியானார்கள்.

ஜூன் 28 அன்று சண்டை தொடங்கியபோது கடலைப் பார்த்த பக்கங்கள் மட்டுமே முடிந்திருந்தன. பின்சுவர் ஏழடி அளவில் நின்றது. 31 பீரங்கிகள், சுமார் 435 பேர். கோட்டையைப் பார்வையிட்ட அமெரிக்கத் தளபதி சார்ல்ஸ் லீ கைவிடச் சொன்னார். அவர் பயம் நியாயமானது: மேற்கே ஒரு கப்பல் சுற்றிப்போய் நின்றிருந்தால், முடியாத பக்கம் வழியாகப் பீரங்கி மேடைகளை வரிசையாகத் துடைத்திருக்கும். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பீட்டர் பார்க்கர் அதற்கென்றே மூன்று கப்பல்களை அனுப்பினார். மூன்றும் மணல்திட்டில் தரைதட்டின. இரண்டு மீண்டன, ‘ஆக்டியன்’ மறுநாள் எரிந்தது. அந்தத் திட்டில்தான் பின்னாளில் சம்டர் கோட்டை எழுந்தது.

எறிகுண்டுக் கப்பல் ‘தண்டர்’ தொலைவில் நங்கூரமிட்டது. தூரத்தை எட்ட வெடிமருந்தைக் கூட்டிப் போட்டதில் அதன் எறிபீரங்கிகளின் தாங்குமேடையே உடைந்தது. கோட்டைக்குள் விழுந்த எறிகுண்டுகளையோ நடுவிலிருந்த சேறு அமுக்கிவிட்டது. பிரிட்டிஷ் தளபதி கிளிண்டனின் தரைப்படை பக்கத்துத் தீவிலிருந்து கடக்க நினைத்த கால்வாயில், வற்றுநீரில் ஒன்றரை அடிதான் ஆழம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், இருந்தது ஏழடி.

மோல்ட்ரியின் உண்மையான தட்டுப்பாடு வெடிமருந்து. அன்று முழுக்க அவர் செலவிட்டது சுமார் 4,766 பவுண்டு எடை மருந்து. கப்பல்கள் எரித்தது சுமார் 34,000. எனவே மெதுவாக, குறிபார்த்து, இரண்டு 50 பீரங்கிக் கப்பல்கள்மீதே சுட்டார்கள். கப்பலைத் திசைமாறாமல் பிடித்திருந்த ‘பிரிஸ்டலின்’ பக்கவடம் அறுந்ததும், அது திரும்பிப் பின்புறத்தைக் கோட்டைக்குக் காட்டியது. அந்தக் கப்பலில் மட்டும் 40 பேர் மாண்டார்கள். கோட்டையில் 12 பேர்.

ஆனால் மதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கப்பல் நின்று சண்டையிட்டால்தான் அதற்கு வேலை. 1780 ஏப்ரலில் மீண்டும் வந்த பிரிட்டிஷ் கடற்படையின் தளபதி அர்பத்நாட் நிற்கவில்லை. காற்றும் ஓதமும் சாதகமானபோது பாய் விரித்து, சில உயிர்களை இழந்து, கோட்டையைக் கடந்து உள்ளே போய்விட்டார். கப்பலைப் பீரங்கிக்கு முன்னே நிறுத்திவைக்க நீர்த்தடத்தில் தடை ஏதுமில்லை. மே 7 அன்று கோட்டை சரணடைந்தது. ஐந்து நாளில் நகரமும் வீழ்ந்தது.