தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை

ஓர் அக்டோபர் 2 கிராம சபையில், குடிநீருக்காக ஏரிக்கரையில் ஆழ்துளைக் கிணறு போடும் பேச்சு வந்தபோது நான் பேசியது இவ்வளவுதான்: "ஏரிக்கரையில போர் போட்டா உப்புத் தண்ணிதான் வரும்னு பெரியவங்க சொல்றாங்க. முதல்ல பக்கத்துக் கிணத்துத் தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, நல்லா இருந்தா ஏரிக்கரையிலேயே போடுங்க."

இரண்டு நாள் கழித்து ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'குடிநீர்த் திட்டத்துக்கு எதிர்ப்பு' என்று செய்தி. என் பெயரைப் போட்டு, "ஏரிக்கரையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும்" என்று மேற்கோள். அச்சில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் என் வாயிலிருந்து வந்ததுதான். ஆனால் 'பெரியவங்க சொல்றாங்க' போயிருந்தது, 'டெஸ்ட் பண்ணுங்க' போயிருந்தது. எதையும் சேர்க்காமலே பேச்சைத் தலைகீழாக்கிவிடலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

மாலையில் தண்ணீர் லாரி வந்தபோது எதிர்வீட்டு அக்கா குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "ஏன் தம்பி, எங்களுக்குத் தண்ணி வேணாம்னா சொன்ன?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

தீர்மானப் பதிவேட்டின் நகல் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பித்தேன். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. 26-ஆம் நாள் வந்தது. அதில் தீர்மானம் மட்டும்தான், யார் என்ன பேசினார்கள் என்பது இல்லை. கைகொடுத்தது, தெருப் பையன் ஒருவன் போனில் எடுத்திருந்த வீடியோ.

இந்தியப் பத்திரிகை கவுன்சிலில் புகார் செய்யலாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் அமைப்பு அது. ஆனால் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்ப வேண்டும். கவுன்சில் நாளிதழை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம்; அபராதம் போட அதற்கு அதிகாரமில்லை. சரி, எனக்கு வேண்டியது திருத்தம் மட்டும்தானே. நாள் ஓடிக்கொண்டிருந்ததால் உடனே ஆசிரியருக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரைவில், "உப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றார் ஊராட்சித் தலைவர்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். சரிபார்க்க வீடியோவை ஓட்டினால் அவர் சொன்னது வேறு: "உப்பா இருந்தா சுத்திகரிக்கிற மிஷின் வச்சிக்கலாம்." என் பேச்சை வெட்டியவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டே நான் இன்னொருவர் பேச்சை வெட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கடிதமே அப்புறம்தான் நேரானது. அச்சானது இடப்பக்கம், வீடியோவில் உள்ளது வலப்பக்கம், எந்த நிமிடத்தில் என்ற குறிப்போடு. நோக்கம் பற்றியோ யார் தூண்டுதல் என்றோ ஒரு சொல்கூட வைக்கவில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் அதே மாவட்டப் பக்கத்தில், அடியில், நான்கு வரித் திருத்தம் வந்தது. தலைப்பு பெரிதாக வந்த இடத்துக்கு அது சின்னதுதான். ஆனால் 'முதலில் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார்' என்ற வரி இருந்தது. கவுன்சிலுக்குப் போகவில்லை.

பேப்பரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை படி தம்பி, அவளும் கேக்கட்டும்" என்றார்.