ஹாட்னர் இல்லாத ஜெல்கோட்

பைபர் படகின் மேற்தோலாகப் பூசும் ஜெல்கோட்டை வாங்குகிறவர்கள் கடைப்படி இறங்குமுன் பையைத் திறந்து பாருங்கள், அதை இறுகவைக்கும் ஹாட்னர் போத்தல் உள்ளே இருக்கிறதா என்று. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு இரண்டாவது தடவை பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

என்னுடையது 18 அடி பைபர் படகு. 2022 ஓகஸ்டில் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது கரைக்கு இழுத்தேன். பிறகு மாதக்கணக்கில் அது மணலிலேயே கிடந்தது. கடலில் ஓடிய காலத்தில் போகாத நிறம் கரையில் கிடந்த காலத்தில் போனது. நீலம் சாம்பலாகிவிட்டது. சாய்ந்து நின்றால் சட்டை முதுகில் அரிசிமா அப்பியதுபோல வெள்ளையாக ஒட்டும்.

முதலில் செய்தது முழு முட்டாள்தனம். வாகனங்களுக்குப் பூசும் வாக்ஸ் ஒரு டின் வாங்கி ஒரு பகல் முழுவதும் தேய்த்தேன். மாலையில் படகு மின்னியது. பத்து நாளில் பழையபடி சாம்பல். உதிர்கிற மாவின்மேல் எதைப் பூசினாலும் அந்த மாவோடு சேர்ந்து அதுவும் உதிர்ந்துவிடும். வெயிலில் செத்த மேற்தோலை எடுத்த பிறகுதான் பூச்சு என்பது அதற்குப் பிறகே புரிந்தது.

மாசி மாதம் லாண்ட்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் படகை வீட்டு வேம்பின்கீழ் கொண்டுவந்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டேன். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உரசுதாளில் 800 இலக்கத் தாளை வாங்கி, ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தேய்த்துப் பார்த்தேன். பால்போல நீலத் தண்ணீர் வடிந்தது. துடைத்துவிட்டு 1200, பிறகு 2000, அதற்குமேல் மினுக்கும் பசையான கொம்பவுண்ட். பழைய நீலம் எழுந்து வந்தது. அந்த உள்ளங்கைத் துண்டைப் பார்க்க அன்று மாலை மூன்று தடவை வெளியே போனேன்.

அதே முறையில் கையாலேயே தொடர்ந்திருந்தால் நான்கு நாளில் முடிந்திருக்கும். அவசரம் விடவில்லை. தெரிந்தவரிடம் கிரைண்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பஞ்சு வட்டைப் பூட்டினேன். இரும்பு வெட்டுகிற கிரைண்டர் சுற்றும் வேகம் வேறு, பொலிஷ் செய்கிற இயந்திரத்தின் வேகம் வேறு. ஜெல்கோட்டின் தடிப்போ அரை மில்லிமீற்றர் அளவுதான், விளிம்புகளில் அதைவிடவும் குறைவு. படகின் முன்பக்கமான அணியத்தின் முனையில் ஒரு விநாடி அதிகம் அழுத்திவிட்டேன். எரிந்த மணம் வந்தது, எடுத்துப் பார்த்தால் பைபரின் நூலிழை தெரிகிறது. ஜெல்கோட்டில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை. அதே கையோடு, பக்கத்தில் எழுதியிருந்த ஓ.எப்.ஆர்.பி. (வெளி இயந்திரம் பூட்டிய பைபர் படகு) பதிவு இலக்கத்தில் கடைசி மூன்று எழுத்துகளையும் தேய்த்து எடுத்திருந்தேன். நீங்கள் தொடங்குமுன் இலக்கத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எழுத்தின் உயரத்தையும் அளந்து வைத்தால் நல்லது.

இங்கே விசாரித்த கடைகளில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. நீலம் தேடி வவுனியாவுக்குப் போனேன். கடையில் நின்றவர் டின்னைப் பையில் போட்டார். "எல்லாம் இருக்கிறதா?" என்று கேட்டேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "எல்லாம் இருக்கிறது" என்றார். ஒட்டுசுட்டான் தாண்டியபின் பையைத் திறந்தேன். டின் இருந்தது, ஹாட்னர் இல்லை. ஹாட்னர் சேராத ஜெல்கோட் எத்தனை நாள் வைத்தாலும் கூழ்தான். இங்கே கேட்ட இடங்களில் அது முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் போனபோது அதே மனிதர் போத்தலை எடுத்து நீட்டி, "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். பஸ் காசுக்கு மேல் ஒரு நாள் உழைப்பும் போனதை அவருக்குச் சொல்லி என்ன பயன்?

நூறு கிராமுக்கு இரண்டு கிராம் அளவில் ஹாட்னரைக் கலக்கினேன். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையே போகும். நேரம் நண்பகல். முதலில் கலக்கியது தூரிகை எடுக்குமுன் டின்னுக்குள் சூடேறித் தயிர்போல இறுகியது. எறிந்துவிட்டுச் சாயங்காலம் கொஞ்சமாகக் கலக்கிப் பூசினேன். விடிந்து தொட்டால் விரலில் பிசுக்கு. அடுத்த நாளும் பிசுக்கு. ஹாட்னரும் பழுது என்று முடிவுகட்டி, மூன்றாவது தடவையும் வவுனியாவுக்குப் போகிற கோபத்தில் இருந்தேன்.

பக்கத்து வாடியில் (மீனவர் கொட்டிலில்) இருக்கும் அண்ணை பீடியைத் தூர எறிந்துவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். "இது பழுதில்லை தம்பி. காற்றுப் படுகிற முகம் இறுகாது. பூசின கையோடு மூடிவிட வேண்டும்." உள்ளே நகத்தால் அழுத்திப் பார்த்தோம், கல்லாக இருந்தது. மேற்பிசுக்கை அசிற்றோன் துணியால் துடைத்தெடுத்து, இரண்டாவது பூச்சுப் பூசி, காற்றுக்குமிழி இல்லாமல் தடித்த பொலித்தீன் தாளை அதன்மேல் படியவைத்துச் சுற்றிவர ஒட்டினோம். காலையில் தாளை உரித்தபோது நீலக் கண்ணாடி. அன்று பட்ட மகிழ்ச்சி வலை நிறைய மீன் கண்ட நாளில்கூட இல்லை.

மற்ற வேலைகள் சுலபம். ஆணிகளின்கீழ் வடிந்திருந்த துருக்கறை தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துத் தேய்க்கப் போனது. விளிம்புப் பலகைக்குக் கதவுக்குப் பூசும் வார்னிஷ் பூசாதீர்கள், முன்பு பூசியது வெயிலில் வெங்காயத்தோல்போல உரிந்தது. வெளிவேலைக்கான வார்னிஷை முதற் பூச்சு மட்டும் ஐதாக்கி, ஐந்து தடவை பூசினேன். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் மெல்லிய உரசல். எதுவானாலும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். ஈரப் பூச்சில் மணல் ஏறினால் திரும்பவும் முதலிலிருந்து.

அழிந்த பதிவு இலக்கத்தைத் திரும்ப எழுதாமல் படகுப் பரிசோதனைக்கு நின்றதில் இன்னொரு வாரம் போனது. பரிசோதிக்க வந்தவர் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, "படகு நல்ல வடிவு, ஆனால் எந்தப் படகு?" என்று கேட்டுத் திரும்பிவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது.

கடைசியாக வாக்ஸ் இரண்டு தடவை. அதைக் காப்பாற்ற நிழல் வேண்டும். தறப்பாளை உடம்போடு ஒட்டி இறுக்கினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கிறது, அதுவும் பட்டறிவுதான். நான்கு கம்பு நட்டு, காற்றோட இடம் விட்டுக் கிடுகுப் (பின்னிய தென்னோலை) பந்தல் போட்டிருக்கிறேன். குசினிக் கூரைக்கென்று வாங்கி அடுக்கியிருந்த கிடுகு அது. மாரிக்கு முன் வேறு வாங்கித் தருவதாக மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குசினி மூலையில் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.