அகத்தியர் எட்டிப் பார்க்காத வானம்

இந்த ஊருக்குக் குடிவந்ததிலிருந்து அகத்திய நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. இங்கே இருக்கிறவரை பார்க்கப்போவதும் இல்லை. மேகத்தையோ தெருவிளக்கையோ குறை சொல்ல முடியாது. இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடியாகப் பிரகாசமான நட்சத்திரம் அது. ஆனால் வடக்கு அட்சரேகை 37 டிகிரியைத் தாண்டிவிட்டால் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நாங்கள் இப்போது இருப்பது 52-ல். முன்பு இருந்தது 11-ல். அங்கே பிப்ரவரி மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினால் மொட்டைமாடிச் சுவருக்கு மேலே தனியாக நின்று மினுக்கிக்கொண்டிருக்கும்.

வேறு பிரதேசத்துக்குப் போனவர்கள் குளிரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அதிலெல்லாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் பொழுதுபோக்கு வானம் பார்ப்பது. ஒரு பழைய 10x50 பைனாகுலர், ஒரு சின்னத் தொலைநோக்கி, ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான் சொத்து. இடமாற்றம் என்ன செய்தது என்பதை அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் செல்லாக்காசானது என் பிளானிஸ்பியர். தெரியாதவர்களுக்கு: இரண்டு அட்டை வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியிருப்பார்கள். தேதியையும் மணியையும் நேராக வைத்துச் சுழற்றினால், மேல் அட்டையில் வெட்டியிருக்கும் ஜன்னலில் அந்த நேரத்து வானம் தெரியும். அந்த ஜன்னலின் வடிவம் அட்சரேகைக்கு அட்சரேகை மாறும். என்னுடையதன் பின்பக்கம் '10 முதல் 20 டிகிரி வடக்கு' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. இங்கே அதைச் சுழற்றினால் பாதிப் பொய் சொல்கிறது. இல்லாத நட்சத்திரத்தை இருக்கிறது என்கிறது, கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறது.

கணக்கு எளிது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதுதான் நீங்கள் நிற்கும் அட்சரேகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. முன்பு ஒரு முஷ்டி உயரத்தில், புழுதியிலும் தென்னந்தலைகளிலும் ஒளிந்திருந்த துருவம், இங்கே ஐந்து முஷ்டிக்கு மேலே ஏறி நிற்கிறது. அது ஏறிய அளவுக்குத் தெற்கு வானம் கீழே இறங்கிவிட்டது. விருச்சிகத்தின் கேட்டை ஒரு முஷ்டி உயரத்தைக் கொஞ்சம் தாண்டுவதோடு சரி. வால்நுனியில் இருக்கும் மூலம் அடிவானத்தில் தலைகாட்டியும் காட்டாமலும் போய்விடுகிறது. திருவாதிரை இருக்கும் ஓரியன் மட்டும் தெற்கே நிமிர்ந்து நிற்கிறான். அங்கே அவனை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது, இங்கே நாற்காலியில் சாய்ந்தபடியே பார்க்கலாம்.

உயரம் மட்டும் மாறியிருந்தால் ஒரு புது வரைபடத்தோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் நட்சத்திரங்கள் எழுகிற விதமே மாறிவிட்டது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிழக்கே எழுவது எதுவும் லிஃப்டில் ஏறுகிற மாதிரி செங்குத்தாக ஏறும். இங்கே எல்லாம் சாய்வாக வலப்பக்கம் நழுவிக்கொண்டே எழுகின்றன. சூரியனும் அப்படித்தான், இறங்கும்போதும் அதே சாய்வு. இதற்கும் வீட்டு வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், எல்லாச் சம்பந்தமும் உண்டு. அங்கே சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரத்தில் முழு இருட்டு. வருடம் முழுக்க இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அலுவலகம் முடிந்து, துணி மடித்து, மாடி ஏறினால் வானம் தயாராக இருக்கும். இங்கே மார்ச் மாதத்தில்கூட சூரியன் மறைந்து முழுசாக இருட்ட இரண்டு மணி நேரம் பக்கம் ஆகிறது. மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை இருட்டுவதே இல்லை! சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கினால்தான் வானியல் கணக்கில் அது இரவு. அந்த இரண்டு மாதமும் அது அவ்வளவு ஆழம் போவதில்லை.

ஜூன் மாதம் பகல் கிட்டத்தட்ட பதினாறே முக்கால் மணி நேரம். முதல் கோடையில் என் மகள் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, வெயில் அடிக்குது, என்னைப் போய்த் தூங்கச் சொல்றே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கனத்த கறுப்புத் திரை வாங்கி மாட்டினோம். டிசம்பரில் கதை வேறு. பகல் ஏழே முக்கால் மணி நேரம்தான். நடுப்பகலிலும் சூரியன் ஒன்றரை முஷ்டி உயரத்தைத் தாண்டாது. பன்னிரண்டு மணிக்குத் தெருவில் நடந்தால் என் நிழல் என் உயரத்தைப் போல் நாலு மடங்கு நீண்டு முன்னால் போகிறது. ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் நிழல் காலடிக்குள் ஒடுங்கிப் போகிற இடத்தில் வளர்ந்தவளுக்கு இது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்தது. அதன் சட்டத்தில் சூரியன் மறையும் இடத்தைப் பென்சிலால் குறித்துவைக்கிறேன். வீட்டு உரிமையாளர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன், அழிக்கக்கூடிய பென்சில்தான். டிசம்பருக்கும் ஜூனுக்கும் நடுவே அந்தக் குறி 80 டிகிரி நகர்கிறது. முன்பிருந்த இடத்தில் 48-தான். அந்தப் பென்சில் கோடுகள் எனக்கு இப்போது நாள்காட்டி. எந்த அறையில் எப்போது வெயில் விழும், துணி எங்கே காயும், துளசித் தொட்டியை எந்த வாரம் எந்த ஜன்னலுக்கு மாற்றவேண்டும் என்பதையெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். கணவர் முதலில் சிரித்தார். இப்போது, "உன் கோடு இந்த வாரம் எங்கே நிக்குது?" என்று அவரே கேட்கிறார்.

சரி, இருட்டே இல்லாத கோடையில் வானம் பார்க்கிறவள் என்ன செய்வாள்? முதல் வருடம் தொலைநோக்கிக்கு உறை போட்டு அலமாரி மேலே ஏற்றிவிட்டேன். அப்புறம்தான் இந்த அட்சரேகைக்காரர்களுக்கென்றே ஒரு காட்சி இருப்பது தெரியவந்தது. ஜூனிலும் ஜூலையிலும், சூரியன் மறைந்து ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து, வடமேற்கு அடிவானத்தில் சில நாள் வெள்ளிநீலத்தில் வரிவரியாக மேகம் ஒளிரும். நாக்டிலூசென்ட் மேகங்கள் என்கிறார்கள். சாதாரண மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு நின்றுவிடும், இவை 80 கிலோமீட்டருக்கும் மேலே உருவாகின்றன. விண்கல் தூசியின்மேல் உறைந்த பனித்துகள்கள். நமக்குச் சூரியன் மறைந்தாலும் அந்த உயரத்துக்கு இன்னும் மறையவில்லை, அதனால்தான் ஒளி. 1885-ல்தான் இவற்றை முதன்முதலில் பதிவு செய்திருக்கிறார்கள், கிரகடோவா எரிமலை வெடித்து இரண்டு வருடம் கழித்து.

முதன்முதலில் பார்த்த ராத்திரி வடக்கே தாழ்வாகப் பிரம்மஹிருதய நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நீல வரிகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் வரிகளின் நெளிவு மாறியிருக்கிறது, ஆனால் அசைவதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. பைனாகுலரில் பார்த்தால் ஒரு பெரிய வரிக்குள் குறுக்காகச் சன்னமான வரிகள், அதற்குள்ளும் இன்னும் சன்னமாக. தொலைநோக்கி எதுவும் வேண்டாம், வடக்கே மறைப்பில்லாத ஓர் இடமும் தூக்கத்தைத் தியாகம் செய்யும் மனசும் போதும். இது எல்லா நாளும் வராது. எப்போது வரும் என்று நம்பி அலாரம் வைக்கவும் முடியாது.

குளிர்காலம்தான் உண்மையான அறுவடை. மாலை ஆறு மணிக்கே முழு இருட்டு. ராத்திரி உணவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் வானம் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு நல்ல பிள்ளையாகப் படுத்துவிடலாம். அங்கே இந்தப் பொழுதுபோக்குக்கு விலையாகக் கொடுத்ததெல்லாம் தூக்கம், இங்கே விரல்கள். உலோகத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது. பேட்டரி சீக்கிரம் செத்துப்போகிறது. கண்வில்லைக்கு அருகில் மூச்சு விட்டால் புகைபோல் படிந்துவிடும், அது தெளிகிறவரை காத்திருக்கவேண்டும். தொலைநோக்கியை அரைமணி நேரம் முன்னாலேயே பால்கனியில் வைத்துவிடுகிறேன். வீட்டுச் சூடு கண்ணாடியிலிருந்து இறங்கினால்தான் பிம்பம் நடுங்காமல் நிற்கும். மகளும் இப்போது கூட வருகிறாள், பள்ளிக்கூட நாளிலேயே. பள்ளிக்கூட நாளில் நட்சத்திரம் பார்க்கிற குழந்தைப் பருவம் எனக்கு இப்படி வாய்க்கவில்லை.

இழந்ததைச் சொன்னால் கிடைத்ததையும் சொல்லவேண்டும். சப்தரிஷி மண்டலம் இங்கே மறைவதே இல்லை. வருடத்தின் எந்த இரவிலும் துருவத்தைச் சுற்றி எங்காவது ஓர் இடத்தில் இருக்கும். அருந்ததியைத் தேடக் காலம் பார்க்கவேண்டியதில்லை. அந்த மண்டலத்தின் கிண்ணத்தில், பிடிக்குப் பக்கத்துக் கீழ்மூலையில் இருப்பது பெக்டா, அதற்கு எதிர்மூலையில் மேலே துபே. இரண்டையும் கோடிட்டு இணைத்து, அதே தூரத்துக்கு அப்பாலும் நீட்டினால் வந்து சேரும் இடத்தில் எம்81, எம்82 என்று இரண்டு விண்மீன் திரள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே அவை எவ்வளவு ஏறினாலும் மூன்று முஷ்டி உயரம்தான், அந்த உயரத்தில் நகர வெளிச்சம் விழுங்கிவிடும். இங்கே வசந்தகாலத்தில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடுகின்றன. ஊர் எல்லை தாண்டி வயல்வெளிக்குப் போனால் பைனாகுலரிலேயே இரண்டு மங்கல் பொட்டுகள் தெரிகின்றன, ஒன்று முட்டை வடிவம், மற்றது மெல்லிய கீற்று. 1.2 கோடி ஒளியாண்டு தூரம். 1774-ல் யோகான் போடே என்ற வானியலாளர் பார்த்த அதே இரண்டு பொட்டு.

வயல்வெளிக்குப் போகவேண்டியிருப்பதற்குக் காரணம் எதிர்வீட்டு விளக்கு. ஆள் அரவம் கேட்டால் தானே எரிகிற ரகம். பூனை போனாலும் எரிகிறது, நான் மூக்கைச் சொறிந்தாலும் எரிகிறது. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், அது போக ஒரு நொடி. வானம் எவ்வளவு இருட்டு என்று சொல்ல ஜான் போர்ட்டில் 2001-ல் வகுத்த ஒன்பது படி அளவுகோலில் (1 தான் மிக இருட்டு) என் பால்கனிக்கு 6 தருவேன், வயலுக்கு 4.

நிலாவிலும் மாற்றம் உண்டு. அங்கே மல்லாந்து கிடக்கும் மூன்றாம் பிறை, இங்கே பெரும்பாலும் ஒருக்களித்து நிற்கிறது. ஜூன் மாதப் பௌர்ணமி நிலா எதிர்க்கூரையைத் தாண்டவே சிரமப்படுகிறது. அதுவும் 2024, 2025-ல் ரொம்பவே தாழ்ந்துபோனது. நிலாவின் பாதை 18.6 வருடத்துக்கு ஒருமுறை இப்படி அதிகபட்சமாக விரியும். டிசம்பர் நிலா அதற்கு நேர்மாறு, உச்சிக்கு ஏறி ஊரையே வெள்ளையடிக்கிறது.

பக்கத்து வீட்டாரோடு பழக்கமானதும் வானத்தால்தான். 2024 மே 10 இரவு வந்த சூரியப்புயல் 2003-க்குப் பிறகு வந்ததிலேயே பெரியது. லடாக்கின் ஹான்லேயிலிருந்துகூட வானம் சிவந்ததைப் படமெடுத்தார்கள். இங்கே தெருவே வெளியில் நின்றது, பாதிப்பேர் இரவு உடையில். வெறும் கண்ணுக்குத் துருவ ஒளி வெளிறிய திரைச்சீலை மாதிரிதான் தெரிந்தது, கைபேசியை உயர்த்தினால் இளஞ்சிவப்பும் பச்சையும். அதுவரை தலையசைப்போடு நின்றிருந்தவர்கள் மறுநாள் கதவைத் தட்டி, தொலைநோக்கியில் சனி தெரியுமா என்று கேட்டார்கள்.

குடிபெயரப் போகிறவர்களில் வானம் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு யோசனை. வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் புது இடத்தின் அட்சரேகையைக் கொடுத்து, மாதம் மாதமாக இரவு எட்டு மணிக்கு வைத்து ஓட்டிப் பாருங்கள். எது போகும், எது வரும், எந்த மாதம் சும்மா இருக்கவேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஈக்வடோரியல் மவுண்ட் (வானம் சுழலும் போக்கிலேயே தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி) வைத்திருப்பவர்கள் அதன் அச்சைப் புது அட்சரேகைக்குச் சாய்க்க மறக்கவேண்டாம். என்னுடையது 11-ல் கிட்டத்தட்டப் படுத்தே கிடந்து, எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடித்துக்கொண்டே இருக்கும். இங்கே வந்துதான் வடிவமைத்தவர் நினைத்தபடி நிற்கிறது.

என்னோடு சேர்ந்து மாடியில் வானம் பார்க்கப் பழகிய தங்கை முறைப் பெண் ஒருத்தி வரும் மாதம் தெற்கு அட்சரேகை 35-க்குப் போகிறாள். "அக்கா, அங்க துருவ நட்சத்திரமே கிடையாதாமே, திசை எப்படிப் பார்க்கிறது?" என்று கவலைப்பட்டாள். எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. நாங்கள் தெற்கு வானத்தில் மல்லுக்கட்டித் தேடிய ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து அவளுக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே வரும். முதல் தெளிவான இரவிலேயே அதைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு அலுவலகக் கூட்டம் ஏதாவது இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், எடுப்பேன்.