பழகுவது உடம்பு இல்லைங்க
முத்தியால்பேட்டை மருந்துக்கடையில் நேற்று ஒருவர், ஃப்ளூவுக்கு எழுதிக் கொடுத்த ஓசல்டாமிவிர் சீட்டை நீட்டி, "ரெண்டு மாத்திரை போதும்பா, நிறைய சாப்பிட்டா உடம்பு பழகிடும்" என்றார். பெரியவர்களுக்கு வழக்கமாகக் காலையும் இரவுமாக 5 நாள், அது தனிக்கதை. ஆனால் மருந்துக்குப் பழகி மாறுவது உடம்பு இல்லை, வைரஸ். அதுவும் மருந்தைப் பார்த்து யோசித்தெல்லாம் மாறுவதில்லை. ஃப்ளூ, எச்ஐவி மாதிரி ஆர்என்ஏ வைரஸ்கள் (மரபுச் செய்தியை டிஎன்ஏவுக்குப் பதில் ஆர்என்ஏவில் வைத்திருப்பவை) தம்மை நகலெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை, கோடிக்கணக்கில் பெருகும்போது ஏதோ ஒரு பிழை மருந்து ஒட்டும் இடத்தையே மாற்றிவிட்டால், மற்றதெல்லாம் அடங்கிப்போக அது மட்டும் தப்பித்துப் பெருகும்.

1987-இல் வந்த ஏஇசட்டி மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது எச்ஐவி இப்படித்தான் நழுவியது. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் திணறியது, மூன்றுக்கும் ஒரே நேரத்தில் சரியான பிழை அமைவது லேசில் நடக்காது.

எனக்கு இன்னும் ஆச்சரியம் நார்வேதான். 2007-08 குளிர்காலத்தில் அங்கே பரவிய எச்1என்1 ஃப்ளூவில் பெரும்பகுதி ஓசல்டாமிவிருக்கு மசியவில்லை, இத்தனைக்கும் அந்த ஊரில் அந்த மருந்தை வாங்கிச் சாப்பிட்டவர்களே குறைவு!